எழுதி எழுதித் தேய்ந்த எஸ்.எஸ்.டி.!



எழுத்து கொஞ்சம் பொடியா இருக்கு, மன்னிக்கணும். மூணு சார்ட் தாளுக்கு மேல ஒட்ட இடம் இல்லைன்னு மிஸ் சொல்லிட்டாங்க. கிட்ட வந்து படிங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்க.

முதல்ல ஒரு சின்ன சோதனை. ரஃப் நோட்டில் ஒரு இடத்தில் பென்சிலால் எழுதுங்கள். ரப்பரால் அழியுங்கள். அதே இடத்தில் மறுபடி எழுதுங்கள், மறுபடி அழியுங்கள். பத்து தடவை தாள் தாங்கும். அப்புறம் பஞ்சு மாதிரி ஆகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓட்டை! இப்போ கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வருகிற எஸ்.எஸ்.டி.யும் இந்தத் தாள் மாதிரிதான். படிக்கப் படிக்கப் பெரிசா ஒண்ணும் ஆகாது. எழுதி அழிக்க அழிக்கத்தான் தேயும். இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம் இல்லை. எங்க சித்தப்பா கடையில் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டது.

தண்டையார்பேட்டையில் சித்தப்பா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கரண்ட் பில் கட்டுவது, ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு இ-வே பில் பிரின்ட், எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரையில் இருந்த சி.பி.யு. நனைந்து பழைய ஹார்ட் டிஸ்க் போயே போச்சு. மற்றதெல்லாம் காய வைத்ததும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. 2024 பொங்கல் முடிந்து, ஜனவரி 20-ஆம் தேதி ரிச்சி தெருவில் ஒரு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டோம். விண்டோஸ் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்றிருந்த கம்ப்யூட்டர், சுவிட்சைப் போட்டதும் எழுந்து நின்றது. சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கலை.

2025 ஜூலையில் பிரச்சினை ஆரம்பித்தது. ஒரு பி.டி.எஃப். சேமித்தால் அரை நிமிஷம் அப்படியே நிற்கும். கூட்டம் நிற்கிற நேரத்தில் இப்படி ஆனால் எப்படி இருக்கும், நீங்களே யோசிங்க. நான் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்கிற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். நீலக் கலரில் 'குட்' என்று காட்டியது. அதற்குக் கீழேயே 13 சதவீதம் என்றும் காட்டியது! அதாவது டிஸ்க்கின் ஆயுளில் 87 சதவீதம் செலவாகிவிட்டது. வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. வாரண்டி மூணு வருஷம்.

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் படத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை இரண்டு பேரும் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம்.

"மூணு வருஷம் வரும்னு சொல்லித்தானப்பா குடுத்த? ஒன்றரை வருஷங்கூட முழுசா ஓடல" என்றார் சித்தப்பா.

கடைக்காரர் பிரின்ட்டைப் பார்த்தார். "சார், இதுல பில், பிரின்ட் மட்டும்தானா? கேமரா ரெக்கார்டிங் ஏதாவது ஓடுதா?"

"அதெல்லாம் இல்ல. கேமரா தனியா மேல மாட்டியிருக்கு."

நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். கடைக்காரர் உடனே கவுன்டரில் நின்ற பையனிடம் திரும்பினார். பிளஸ் டூ முடித்து இப்போதான் வேலைக்கு வந்திருப்பான் போல, என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசு பெரியவன். "நீதானே எடுத்துக் குடுத்த? பழைய லாட்டத் தூக்கிக் குடுத்துட்டியா?" என்று எல்லார் முன்னாடியும் திட்டினார். அவன் ஒண்ணும் பேசலை. 'காப்பி எடுத்துட்டு டிஸ்க்கைக் கொண்டு வாங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்' என்றார் கடைக்காரர். நாங்க ஜெயித்த மாதிரி திரும்பி வந்தோம்.

ஆனால் அந்த 'கேமரா ஓடுதா?' என்ற கேள்வி மட்டும் எனக்கு மெட்ரோவில் வரும்போதெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னாடி அது ஏன் தேய்ந்தது என்று நானே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எஸ்.எஸ்.டி. ஏன் தேயுது?

ஹார்ட் டிஸ்க்கில் சுழலுகிற தட்டும் காந்தமும் இருக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையுற பாகம் எதுவும் கிடையாது. அதற்குள் இருப்பது ஃப்ளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல் இதை உலகுக்கு அறிவித்தார். இன்று எஸ்.எஸ்.டி.யில் இருக்கிற 'நாண்ட்' வகையை 1987-ல் வெளியிட்டார். ஒரே அடியில் மொத்தமாக அழிவது கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்கு என்று கூட வேலை பார்த்தவர் சொன்னதால் அந்தப் பேர் வந்ததாம்.

உள்ளே கோடிக்கணக்கான குட்டிக் குட்டி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் 'எழுதுவது'. வெளியே இழுப்பதுதான் 'அழிப்பது'. எலக்ட்ரான் ஓடிப்போகாமல் இருக்க, சுற்றிலும் மெல்லிய ஒரு காப்புப் படலம். உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் சுமார் 20 வோல்ட் கொடுத்து அந்தப் படலத்தின் வழியாகவே எலக்ட்ரானைத் துளைத்துப் போக வைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் படலம் கொஞ்சம் சேதமாகும், சில எலக்ட்ரான்கள் அதிலேயே மாட்டிக்கொள்ளும். கடைசியில் அந்த செல் எதையும் ஒழுங்காகப் பிடித்து வைக்காது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கிற பழைய, விலை கூடிய வகை ஒரு லட்சம் தடவை வரை தாங்கும். மூணு பிட் அடைக்கிற, நாம் கடையில் வாங்குகிற வகை ஆயிரத்திலிருந்து மூவாயிரம் தடவைதான்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. நம்ம வகுப்புக் கரும்பலகையில் ஒரு வரியை மட்டும் அழித்து மாற்றி எழுதலாம். ஃப்ளாஷில் அது முடியாது. எழுதுவது சின்னச் சின்ன 'பக்கங்களாக', சில கிலோபைட் அளவில் நடக்கும். அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு 'பிளாக்' முழுக்க, பல மெகாபைட் அளவில்தான் நடக்கும். பலகையில் நாலு வரி வேண்டும், மிச்சம் வேண்டாம் என்றால் என்ன செய்யணும்? அந்த நாலு வரியைப் பக்கத்து வகுப்புக் காலிப் பலகையில் எழுதிவிட்டு, இந்தப் பலகை முழுவதையும் துடைக்கணும். நாம் ஒரு வரி எழுதச் சொன்னால் உள்ளே அஞ்சு வரி எழுத்து வேலை நடந்துவிடுகிறது. காலிப் பலகை நிறைய இருந்தால் இந்த வேலை குறையும். எல்லாப் பலகையும் நிரம்பி வழிந்தால் இந்த வேலையே ஓயாது. எங்க கம்ப்யூட்டர் அரை நிமிஷம் நின்றதே, அது பெரும்பாலும் இதனால்தான் என்று பிறகுதான் புரிந்தது.

எல்லா செல்லும் சமமாகத் தேயட்டும் என்று உள்ளே இருக்கிற கன்ட்ரோலர் இடத்தை மாற்றி மாற்றி எழுதும், நாம் வகுப்பில் முறை வைத்துப் பெருக்குகிற மாதிரி. அதனால்தான் ஒரே ஃபைலை லட்சம் தடவை சேமித்தாலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுவதில்லை.

இப்போ துப்பறியும் வேலை

பைக் சர்வீஸ் அட்டையில் 'இத்தனை மாசம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருதோ அது' என்று போட்டிருக்கும் இல்லையா? எஸ்.எஸ்.டி. வாரண்டியும் அப்படித்தான். எங்க பெட்டியில் '3 வருடம் அல்லது 80 டெராபைட் எழுதுவது வரை' என்று இருந்தது. (1 டெராபைட் என்றால் 1,000 ஜிகாபைட்.) நாங்க வருஷத்தை மட்டும் பார்த்தோம். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்குன்னு யாரும் பார்க்கலை.

அந்த மீட்டர் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கு. 'ஸ்மார்ட்' என்று பேர். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது, எத்தனை தடவை பிளாக்குகள் அழிந்தன, கரண்ட் போய் எத்தனை தடவை திடீர்னு அணைந்தது என்று டிஸ்க் தானே குறித்து வைத்துக்கொள்ளும். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' போட்டால் போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இந்த வேலை நடக்கும்.

மொத்தம் எழுதியது என்ற இடத்தில் எனக்கு வந்த எண் 101டி0. என்னது, எண்ணுக்கு நடுவில் எழுத்து? டிஸ்க் கெட்டுப்போய் உளறுதுன்னு நினைத்தேன். அஞ்சு நிமிஷம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. பதினொண்ணாம் வகுப்பில் எண் முறைகள் பாடத்தில் வந்ததே, பதினாறு அடிமான எண்! 'இதெல்லாம் எங்கே பயன்படப் போகுது' என்று நானே மிஸ்ஸிடம் கேட்டிருக்கேன். (சாரி மிஸ்.) கணக்குப் போட்டேன். 65,536 கூட்டல் 256, டி என்றால் 13, அதனால் 13 பெருக்கல் 16, அது 208. மொத்தம் 66,000. எங்க டிஸ்க்கில் அந்த எண் ஜிகாபைட்டில் இருக்கு. ஆக, 66 டெராபைட்! ஒரு எச்சரிக்கை: எல்லா டிஸ்க்கும் ஜிகாபைட்டில் சொல்லாது. சிலது 512 பைட் துண்டுகளாக எண்ணும், சிலது வேற அலகு வைத்திருக்கும். அலகு தெரியாமல் கணக்குப் போட்டால் ஆயிரம் மடங்கு தப்பாகும்.

அடுத்தது ஓடிய நேரம்: 2பிசி0, அதாவது 11,200 மணி. இங்கேதான் முதல் துப்பு கிடைத்தது. கடை ஒரு நாளைக்கு 10 மணி நேரம். வாங்கி 540 நாள் என்று வைத்தாலும் 5,400 மணிதான் வரணும். அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஓடியிருக்கு. ராத்திரியிலும் யாரோ வேலை வாங்கியிருக்காங்க!

அழித்த எண்ணிக்கை சராசரி 870. 240 ஜி.பி. டிஸ்க் 870 தடவை அழிந்து எழுதப்பட்டது என்றால் சுமார் 209 டெராபைட். நாம் எழுதச் சொன்னது 66, உள்ளே எழுதப்பட்டது 209. மூணு மடங்குக்கு மேல! மேலே சொன்ன பலகை துடைக்கிற கதைதான்.

அடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுகிறது என்று பார்க்கணும். இதுக்கு எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும். திங்கள் காலை 9 மணிக்கு மீட்டரைக் குறித்தேன். செவ்வாய் காலை 9 மணிக்கு மறுபடி குறித்தேன். வித்தியாசம் 138 ஜிகாபைட்! சித்தப்பா அன்றைக்கு ஸ்கேன் பண்ணினது எல்லாம் சேர்ந்தும் ஒரு ஜி.பி. வராது. மிச்சம் 13 சதவீதத்துக்கு இன்னும் சுமார் 9.9 டெராபைட்தான் எழுத முடியும். நாளைக்கு 138 என்றால் 71 நாள். வாடிக்கையாளர் விண்ணப்பங்கள், அஞ்சு வருஷப் பில் கணக்கு (புயலில் போனதுக்கு அப்புறம் பேப்பரைப் பார்த்து நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி டைப் பண்ணினேன்), எல்லாம் அதில்தான் இருக்கு. அன்றைக்கு ராத்திரி முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். உங்களுக்கும் இதையே சொல்கிறேன். டிஸ்க்கில் சந்தேகம் வந்தால் முதலில் காப்பி, அப்புறம்தான் ஆராய்ச்சி.

யார் எழுதுவது? விண்டோஸிலேயே 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று ஒன்று இருக்கு. அதில் டிஸ்க் என்ற பகுதிக்குப் போய், 'ரைட்' என்ற தலைப்பை அமுக்கினால், அதிகமாக எழுதுகிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். லினக்ஸில் 'ஐயோடாப்' இதே வேலையைச் செய்யும். அமுக்கினேன். முதல் வரியில் நின்றது கேமரா மென்பொருள்.

அதைப் போட்டது வேற யாரும் இல்லை. நான்தான்.

2024 ஏப்ரலில் கடை கவுன்டரில் சார்ஜுக்கு வைத்திருந்த ஒரு போனை யாரோ எடுத்துக்கொண்டு போயிட்டாங்க. கேமராவுக்குத் தனியா ரெக்கார்டர் பெட்டி வாங்கக் காசு அதிகம் என்று, பத்தாவது பரீட்சை முடிந்த லீவில், மே 5-ஆம் தேதி, நாலு கேமராவை மட்டும் வாங்கி நான் கம்ப்யூட்டரிலேயே இணைத்துக் கொடுத்தேன். வீடே என்னைப் பாராட்டியது. ராத்திரி மானிட்டரை மட்டும் அணைங்க, சி.பி.யு. ஓடட்டும் என்று சித்தப்பாவுக்குச் சொன்னதும் நான்தான். எங்கே சேமிக்கணும் என்று அது கேட்டது. சி டிரைவ் எஸ்.எஸ்.டி., அதைத் தொடக்கூடாது, டி டிரைவ் தனியா இருக்கே என்று டி-யைக் கொடுத்தேன்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிங்க. சி-யும் டி-யும் ரெண்டு டிஸ்க் இல்லை! ஒரே ரூமில் நடுவில் தட்டி வைத்துத் தடுத்த மாதிரி, ஒரே எஸ்.எஸ்.டி.யை ரெண்டு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ரிச்சி தெருவில் நான் தலையாட்டியது பொய் சொல்லணும்னு இல்லை, டி வேற டிஸ்க் என்று நிஜமாவே நம்பினேன். ஆனால் அந்தப் பையன் திட்டு வாங்கியது நிஜம்.

கேமரா கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட். நாலுக்கு 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆக 86.4 ஜிகாபைட். டி டிரைவ் 140 ஜி.பி.தான், ஒன்றரை நாளிலேயே நிரம்பிவிடும். நிரம்பியதும் பழசின் மேலேயே புதுசை எழுதும். இப்படியே 435 நாளில் 37 டெராபைட்டுக்கு மேல் எழுதியிருக்கு. இத்தனையையும் நாங்க திறந்து பார்த்தது ரெண்டே தடவை. ஒரு தடவை, கல்லாவில் 50 ரூபாய் குறைந்ததுக்கு. இன்னொரு தடவை, ராத்திரி ஏதோ சத்தம் கேட்டது என்று பார்த்தோம். பூனை.

மிச்சம் 52 ஜி.பி. யார் எழுதியது? ரிசோர்ஸ் மானிட்டரில் ரெண்டாவது வரி 'சிஸ்டம்', எழுதின ஃபைல் 'பேஜ் ஃபைல்'. ராம் வெறும் 4 ஜி.பி. சித்தப்பா பிரவுசரில் முப்பது டேப் திறந்து வைத்திருப்பார். மேஜையில் இடம் இல்லாதபோது புத்தகத்தைத் தரையில் எடுத்து வைத்து வைத்து எடுப்போமே, அது மாதிரி ராமில் இடம் பத்தாமல் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது. ராம் கம்மியா இருந்தாலும் எஸ்.எஸ்.டி. தேயும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

நமக்கு மட்டும் இல்லை

இப்படி மாட்டியது எங்க ஜெராக்ஸ் கடை மட்டும் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல். அமெரிக்காவில் டெஸ்லா கார்களில் இதே கதை. 2012 முதல் 2018 வரை தயாரான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரை தயாரான மாடல் எக்ஸ் கார்களில், நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜி.பி. ஃப்ளாஷ் சிப் ஒன்று இருந்தது. சுமார் 3,000 தடவை எழுதி அழிக்கலாம். தினமும் எழுதி எழுதி அது அஞ்சாறு வருஷத்தில் தீர்ந்துவிடும் கணக்கு. தீர்ந்தால் திரை செத்துவிடும். பின்பக்கக் கேமரா தெரியாது, கண்ணாடிப் பனியைத் துடைக்கிற வசதியும் போய்விடும். அங்கே உள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து, 2021 பிப்ரவரியில் 1,34,951 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 8 ஜி.பி.க்குப் பதில் 64 ஜி.பி. சிப் மாட்டிக் கொடுத்தார்கள். இடம் பெரிசானால் அதே எழுத்து வேலை நிறைய செல்களுக்குப் பங்காகிவிடும் இல்லையா?

ஸ்பாடிஃபை என்கிற பாட்டு மென்பொருளும் 2016-ல் மாட்டிக்கொண்டது. பாட்டே ஓடாதபோதுகூடச் சிலருடைய கம்ப்யூட்டரில் ஜிகாபைட் கணக்கில் எழுதிக்கொண்டிருந்ததை அதைப் பயன்படுத்தினவர்களே கண்டுபிடித்தார்கள். அப்புறம் புதுப் பதிப்பில் சரி செய்தார்கள்.

இதெல்லாம் பூமியில். செவ்வாய்க் கிரகத்திலும் நடந்திருக்கு! நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி 2004 ஜனவரியில் 90 நாள் வேலைக்காக இறங்கியது. 2018 ஜூன் வரை தாக்குப்பிடித்தது. 2014-ல் அதனுடைய ஃப்ளாஷ் தேய்ந்துபோய் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. செப்டம்பரில் இங்கிருந்தபடியே ஃபார்மட் பண்ணினார்கள். கோளாறு திரும்பவும் வந்தது. ஃப்ளாஷின் 7 பகுதிகளில் கெட்டுப்போன ஒன்றைத் தொடாதே என்று 2015-ல் அதுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ரிச்சி தெரு இல்லாத ஊர், வேற என்ன செய்வாங்க?

இன்னொன்றும் சொல்லணும். ஆயுள் 0 சதவீதம் ஆனதும் டிஸ்க் பட்டென்று சாகணும்னு இல்லை. அமெரிக்காவில் 'டெக் ரிப்போர்ட்' என்ற இதழ் 2013 முதல் 2015 வரை ஆறு எஸ்.எஸ்.டி.களில் சாகும்வரை எழுதிப் பார்த்தது. ஒரு சாம்சங் டிஸ்க் 2,400 டெராபைட்டுக்கு மேல் தாங்கியது. அதை நம்பி உட்காரவும் முடியாது. அதே சோதனையில் ஒரு இன்டெல் டிஸ்க், நேரம் முடிந்ததும் இனிமேல் எழுத மாட்டேன் என்று தானே பூட்டிக்கொண்டது. அணைத்துப் போட்டதும் படிக்கக்கூட முடியவில்லை. விலை குறைந்த டிஸ்க்கில் தேய்மானம் இல்லாமலே சர்க்யூட் போய்ச் சாகிறதும் உண்டு. அதனால் சதவீதத்தைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், பார்க்காமலும் இருக்க வேண்டாம்.

சரி, கதைக்கு வருவோம். வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இருபத்துநாலு மணி நேரக் கண்காணிப்புப் பதிவுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது. சொல்லாமல் விட்டால் ஒருவேளை புது டிஸ்க் கிடைத்திருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷட்டர் இறக்கும்போது சித்தப்பாவிடம் சொன்னேன்.

"சித்தப்பா, அந்த டிஸ்க்கு... அது நம்ம தப்புதான். என் தப்பு. கேமரா அதுலதான் ரெக்கார்ட் ஆவுது."

அவர் பூட்டைப் பூட்டி, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "அப்ப அந்தப் பையன் மேல தப்பு இல்ல?"

"இல்ல."

"இன்னா பாப்பா நீ... பூனைய படம் புடிக்கவா ஒரு டிஸ்க்கத் தேச்ச?" என்றார். வழியெல்லாம் வேற எதுவும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ரிச்சி தெரு. அதே கடை. சித்தப்பாவே கடைக்காரரிடம், "கேமரா அதுலதான் ஓடிருக்கு. எங்களுக்குத் தெரியல. தம்பி மேல தப்பு இல்ல" என்றார். பையன் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினான். கேமராவுக்கென்று ஒரு 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும், 4 ஜி.பி. ராம் ஒன்றும் வாங்கினோம். ஒரு ரூபாய்கூடக் குறைக்கலை. ஆனால் பில் போடும்போது அந்தப் பையன், "அசைவு தெரிஞ்சா மட்டும் ரெக்கார்ட் பண்ற மாதிரி வைங்க, இடமும் மிச்சமாகும்" என்று செட்டிங்ஸை எனக்குத் தன் போனில் காட்டிக் கொடுத்தான்.

ஹார்ட் டிஸ்க் ஓயாத எழுத்துக்குச் சலிக்காது. மெதுவாக இருந்தாலும் கேமராவுக்குப் போதும். பதிவை அதற்கு மாற்றினேன். டி டிரைவைக் காலி பண்ணி, எப்போதும் அஞ்சில் ஒரு பங்கு இடம் சும்மா கிடக்கட்டும் என்று விட்டேன். அழித்த ஃபைலின் இடம் காலி என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்கிற 'டிரிம்' வேலை செய்கிறதா என்று பார்த்தேன், செய்கிறது. யாரோ புண்ணியவான் வாராவாரம் டிஃப்ராக் பண்ணச் சொல்லி ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தார், அதைத் தூக்கினேன். டிஃப்ராக் ஹார்ட் டிஸ்க்குக்கு மருந்து. எஸ்.எஸ்.டி.க்கு அது வெட்டி எழுத்து வேலை.

மறுபடி துண்டுத் தாள், காலை 9 மணி, மறுநாள் காலை 9 மணி. 138 ஜி.பி. இருந்த இடத்தில் 11. பழைய கணக்குப்படி 71 நாளில் தீர வேண்டியது, இப்போது 890 நாளுக்கு மேல் வரணும். வருதா என்று பார்க்கலாம். மாசத்தில் முதல் தேதி மீட்டரைக் குறிக்கிற வேலையைச் சித்தப்பாவே எடுத்துக்கொண்டார். கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் தாள் ஒட்டிப் பென்சிலால் எழுதுகிறார். ஆகஸ்ட் முதல் தேதி, ஆயுள்: 13. செப்டம்பர் முதல் தேதி, ஆயுள்: 13.

வீட்டில் எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்கள் மீட்டரில் வருகிற எண்ணை எழுதிக் கொண்டு வந்தால், மதிய இடைவேளையில் லேபுக்கு வெளியே சேர்ந்து கணக்குப் போடலாம். எழுத்து வந்தாலும் பயப்படாதீங்க.

— 12-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் மாணவி